திறக்கப்படாத படங்கள்

அன்று திருமழபாடியில் முகாம். கொள்ளிடக் கரைக்குச் சற்று உள்ளே, பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் எக்ஸ்ரே வண்டி நின்றிருந்தது. காலை பத்து மணி இருக்கும். சட்டையைக் கழற்றிவிட்டுத் தகட்டில் நெஞ்சை ஒட்டி நின்ற ஒருவரிடம், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொன்ன நேரத்தில் என் பையில் கைபேசி அதிர்ந்தது. படத்தை எடுத்து, "விடலாம்" என்று அவரை அனுப்பிவிட்டுத்தான் பார்த்தேன். செந்தில். வளர்மதியின் தம்பி.

"அண்ணே, அக்கா போயிட்டாங்க."

அவரே மேற்கொண்டு சொன்னார். "விடியக்காலையில. திருச்சி ஆஸ்பத்திரியிலயே. வூட்டுக்குக் கொண்டாந்துகிட்டிருக்கோம்."

"எந்த வூட்டுக்கு?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. பூலாம்பாடியை விட்டால் அவருக்கு வேறு வீடு கிடையாது.

வரிசையில் இன்னும் சிலர் காத்திருந்தார்கள். அவர்களை எல்லாம் எடுத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் விட்டுவிட்டு வந்தேன் என்று தெரிந்தால் வளர்மதி என்ன சொல்லியிருப்பார் என்பது அவரோடு ஒருநாள் வேலை செய்தவர்களுக்குக்கூடத் தெரியும்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரை வேறு வேறு இடங்களில் அறிந்தவர்கள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு சின்னக் கடையில் உங்கள் ஆதார் திருத்தத்தையும் பட்டா விண்ணப்பத்தையும் பொறுமையாக நிரப்பித் தந்தவராகச் சிலருக்குத் தெரியும். டயாலிசிஸ் வார்டில் பக்கத்துப் படுக்கையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தவராகச் சிலருக்குத் தெரியும். நான் அவரோடு ஒரே அலுவலகத்தில் ஒன்பது வருஷம் இருந்தவன். டாக்டர் எக்ஸ்ரே படம் பார்க்கும் கணினிகளை அவர் கவனித்தார், நான் படம் எடுத்தேன். அவரைப் பற்றி நல்லது சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்த நாற்பத்து மூன்று பேரைப் பற்றித்தான் எழுத வேண்டும். அந்தக் கதையில் நானும் இருக்கிறேன். உயிரோடு இருந்தவரை அவர் என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் நான்தான் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தொண்டு நிறுவனத்தின் வேலை எளிமையானது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புச் சுரங்கங்களிலும் கல் குவாரிகளிலும் லாரி லோடிலும் வேலை செய்கிறவர்களின் ஊர்களுக்கு வண்டியைக் கொண்டுபோய் நெஞ்சுப் படம் எடுப்போம். தூசி அடைத்த நுரையீரல், காசநோய் இரண்டையும் முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்காக. படங்கள் பெரம்பலூர் அலுவலகக் கணினிக்கு வரும். திருச்சியிலிருந்து ஒரு டாக்டர் வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கோளாறு தெரிகிறவர்களின் பெயர்களைக் குறித்துக் கொடுப்பார். அவர்களை மட்டும் கூப்பிடுவோம். மற்றவர்களைக் கூப்பிட மாட்டோம். கூப்பிடாவிட்டால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். முகாமிலேயே இதைச் சொல்லித்தான் அனுப்புவோம். "பதினஞ்சு நாள் பாருங்க. நாங்க கூப்பிடலைன்னா நல்லாயிருக்கீங்கன்னு அர்த்தம்." ஆயிரம் தடவை நானே சொல்லியிருப்பேன்.

வளர்மதியின் அப்பாவும் அம்மாவும் பூலாம்பாடியில் அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கியும் சோளம் அறுத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். அவர் பாலிடெக்னிக்கில் கணினி படித்துவிட்டு எங்களிடம் வந்தார். வந்த முதல் வருஷத்திலேயே ஒரு காரியம் நடந்தது. யாரோ கொண்டுவந்து செருகிய பென் டிரைவிலிருந்து வைரஸ் புகுந்து ஒரு ஊரின் படங்கள் மொத்தமும் பாழாகிவிட்டன. மறுபடி போய் எடுத்தோம். அதன்பிறகு அவர் ஒரு முடிவு செய்தார். டாக்டர் படம் பார்க்கும் செயலியை ஒரு அடைப்புக்குள் வைத்து ஓட்டுவது. அந்த அடைப்புக்குள் இருக்கிற செயலிக்கு நாம் காட்டுகிற ஒரு கோப்புறை மட்டும்தான் தெரியும். மற்றக் கோப்புகளை அது தொட முடியாது, வெளியே எதையும் அனுப்பவும் முடியாது. "அவங்க நெஞ்சுக்குள்ள இருக்கிறதைப் படம் புடிச்சு வச்சிருக்கோம் அண்ணே. அது ஊர் சுத்தக் கூடாது" என்றார். நல்ல முடிவு. இன்றைக்கும் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

நான் கணினி படித்தவனில்லை. பிறகு அவர் எனக்கு விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். ஒரு செயலி ஒரே நேரத்தில் இத்தனை கோப்புகளைத்தான் திறந்து வைத்திருக்கலாம் என்று கணினி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. எங்கள் கணினியில் அது ஆயிரத்து இருபத்து நான்கு. ஒரு செயலி தறிகெட்டுப் போனால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு விழாமல் இருக்க அந்த ஏற்பாடு. டாக்டர் பார்க்கும் செயலிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. திறந்த படத்தை அது மூடாது. அடுத்ததைத் திறக்கும், அதற்கடுத்ததைத் திறக்கும், எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டே போகும். ஒருவருக்கு ஒரு படம், அவர் பெயரும் வயதும் வேலையும் உள்ள ஒரு சின்னக் குறிப்பு என்று இரண்டு கோப்பு. அப்படியானால் ஐந்நூறு பேரை ஒட்டி வரம்பு முட்டும். அதற்குமேல் எந்தக் கோப்பையும் திறக்கக் கணினி அனுமதிக்காது.

எங்கள் முகாம்கள் நூற்றைம்பது, இருநூறு பேருக்கு மேல் போனதில்லை. அந்த வருஷம்தான் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் நான்கைச் சேர்த்து ஒரே கோப்புறையில் போட்டோம். மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். நான்காவதாக இருந்த ஊர், சுரங்கத்து மேட்டை ஒட்டிய ஒரு குடியிருப்பு. அதன் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த ஊரின் முதல் ஆறு பேரோடு வரம்பு முட்டியது. மீதி நாற்பத்து மூன்று பேரின் படங்களை அந்தச் செயலி திறக்கவில்லை. திறக்க முடியவில்லை என்று சொல்லவுமில்லை. ஒன்றும் நடக்காததுபோல் அவர்களைத் தாண்டிப் போய், திரையில் 'முடிந்தது' என்று காட்டியது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நான் அவருக்கு டீ வாங்கி வந்தேன்.

ஏழு மாதம் கழித்து அஞ்சலை வந்தார்.

மதியம். மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். வளர்மதியும் நானும் மட்டும் இருந்தோம். நாற்பது வயதுள்ள ஒரு பெண் படியேறி வந்து, எங்கள் முகாமில் கொடுக்கிற மஞ்சள் சீட்டை மேசைமேல் வைத்தார். சீட்டு நான்காக மடிந்து கிழியும் நிலையில் இருந்தது. கணவர் பெயர் கோவிந்தன். லாரியில் கல் ஏற்றுகிறவர்.

"எங்க வூட்டுக்காரருக்குப் படம் எடுத்தீங்க. நீங்க கூப்பிடவே இல்ல. ஒண்ணுமில்லைன்னுதானே இருந்தோம்? இப்ப ரத்தமா துப்புறாருங்க. ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. பழைய படம் இருந்தா வாங்கியான்னு டாக்டரு சொன்னாங்க."

வளர்மதி அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். சீட்டிலிருந்த எண்ணைத் தட்டிப் படத்தைத் தேடி எடுத்தார். படம் இருந்தது. நான் எடுத்த படம். தெளிவாக இருந்தது. இருபது வருஷமாக நெஞ்சுப் படம் எடுக்கிறேன். நோயைச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை, ஆனால் பார்த்தால் தெரியும். வலது பக்கம் மேலே ஓட்டை மாதிரி ஒரு வட்டம். எந்த டாக்டரும் அதைத் தாண்டிப் போயிருக்க மாட்டார். வளர்மதி டாக்டரின் குறிப்பைத் திறந்தார். அதில் கோவிந்தன் என்ற பெயருக்கு எதிரே நல்லது, கெட்டது எதுவும் இல்லை. வெறுமையாக இருந்தது. மெதுவாகக் கீழே இறங்கினார். அடுத்த பெயரும் வெறுமை. அதற்கடுத்ததும். கடைசிவரைக்கும்.

அவர் முகத்தை அப்போது பார்த்தேன். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

படத்தைக் குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்து அஞ்சலையை அனுப்பினோம். அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் வளர்மதி சொன்னார். "இந்த வரம்பு எனக்குத் தெரியும் அண்ணே. முகாமுக்கு முன்னாடி பழைய படங்களைச் சேர்த்து வச்சுச் சோதிச்சுப் பார்த்தப்பவே முட்டுச்சு. நான் உயர்த்தி வச்சேன். எல்லாப் படமும் திறந்துச்சு. சரியாயிருச்சுன்னு விட்டுட்டேன்."

"அப்புறம் எப்படி?"

அன்று மாலைவரை உட்கார்ந்து அவரே கண்டுபிடித்தார். கட்டளைகளைத் தட்டுகிற கறுப்புத் திரையில்தான் அவர் வரம்பை உயர்த்தியிருந்தார். அங்கிருந்து செயலியைத் தொடங்கினால் உயர்ந்த வரம்பு கிடைக்கும். டாக்டர் தொடங்குவது திரை முகப்பில் இருக்கிற சின்னக் குறியைச் சொடுக்கி. அப்படித் தொடங்கும் செயலி, கணினி முதலில் வைத்திருந்த பழைய வரம்போடுதான் அடைப்புக்குள் போகும். "நான் நின்ன இடத்துல மட்டும்தான் உயர்ந்திருக்கு. டாக்டர் உக்கார்ற இடத்துல உயரவே இல்ல. அவர் நாற்காலியில உக்காந்து ஒருதடவை சொடுக்கிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

நான் என் பங்கைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். கூப்பிட வேண்டியவர்களின் பட்டியல் வந்த அன்று அதை வாங்கிப் பார்த்தவன் நான். சுரங்கத்து மேட்டு ஊரிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. அந்த ஊரில் படம் எடுத்தபோது இருமல் தாங்காமல் இரண்டு பேருக்குத் திரும்ப எடுத்தது எனக்கு நினைவிருந்தது. ஒருவர்கூட இல்லையே என்று ஒரு நொடி தோன்றியது. பரவாயில்லை, நல்ல சேதிதானே என்று பட்டியலை மடித்து வைத்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

அதை அன்று மாலையே அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன்போல. அவர் தேற்றவில்லை.

"கேட்டிருக்கணும் அண்ணே" என்றார். கணினியை அணைத்துவிட்டு, "நானும்தான்" என்றார்.

மறுநாள் டாக்டர் வந்து நாற்பத்து மூன்று படங்களையும் பார்த்தார். கோவிந்தனைத் தவிர இன்னும் நான்கு பேருக்கு நிழல் தெரிந்தது. மேலாளர் கெட்டவரில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "மறு முகாம்னு ஒண்ணு போடுவோம். ஏழு மாசம் ஆச்சு, திரும்பப் பார்க்கிறோம்னு சொல்லி எல்லாரையும் கூப்பிடுவோம். வைத்தியம் கெடச்சா போதும்ல? நடந்ததை ஊருக்குள்ள போய்ச் சொன்னா அடுத்த முகாமுக்கு எந்த ஊர்லயும் ஆள் வரமாட்டாங்க. யாருக்கு நஷ்டம்?"

"கூப்பிட்டா வரமாட்டாங்க சார்" என்றார் வளர்மதி. "ஒண்ணுமில்லைன்னு நாமதான சொல்லியிருக்கோம். ஒருநாள் கூலியை விட்டுட்டு எதுக்கு வரணும்?"

"வர வைப்போம்."

"பொய் சொல்லியா?"

வளர்மதி எழுந்து பையை எடுத்தார். "நான் வூடு வூடா போறேன் சார். நீங்க போகச் சொன்னதா சொல்ல மாட்டேன்." நானும் கூடப் போனேன். இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. போகாமல் இருக்க எனக்குத் தைரியமில்லை.

நாங்கள் கிளம்புவதற்குள் கோவிந்தன் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். நாங்கள் முதலில் போனது அவர் வீட்டுக்குத்தான். அடக்கம் முடிந்து இரண்டு நாள். வாசலில் போட்டிருந்த பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் எங்கோ பாறையில் துளை போடுகிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சலை கூரையின் கீழ் தரையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார். வளர்மதி நாற்காலியில் உட்காரவில்லை. அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, உங்க வூட்டுக்காரர் படத்தை அன்னைக்கு யாரும் பார்க்கலை" என்றார். சுற்றி வளைக்கவில்லை. "எடுத்தோம். கம்ப்யூட்டர் ஒரு அளவுக்குமேல படத்தைத் திறக்காது. அது எனக்குத் தெரியும். சரி பண்ணிட்டேன்னு நெனச்சேன், சரியா பார்க்கலை. பார்க்காத படத்துக்கு நாங்க கூப்பிடாம விட்டுட்டோம். அன்னைக்கே பார்த்திருந்தா மாத்திரையில கொணமாயிருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. அது என்னோட வேலை அக்கா. என் மேலதான் தப்பு."

பந்தல் பிரித்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். அஞ்சலை மெல்லிய குரலில் கேட்டார்.

"இதை எதுக்கு என்கிட்ட வந்து சொன்ன?"

வளர்மதி வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"விதி முடிஞ்சுதுன்னு இருந்தேன். குடிச்சு ஒடம்பைக் கெடுத்துக்கிட்டாருன்னு அவரைத் திட்டிக்கிட்டாச்சும் இருந்தேன். இப்ப நான் என்னன்னு இருக்கிறது? போ. எழுந்திரிச்சுப் போ."

எழுந்து வந்தோம். ஊரைத் தாண்டி மண் சாலைக்கு வந்ததும் வளர்மதி என் பைக்கை நிறுத்தச் சொன்னார். இறங்கி ஓரமாகப் போய்ப் பாட்டில் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "அவங்க கேட்டது சரிதான் அண்ணே. நான் என் பாரத்தை எறக்கிவைக்கத்தான் போனேனோ என்னமோ" என்றார். "திரும்பிடலாமா?" என்று கேட்டேன். பையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "இவங்கள்லாம் உசுரோட இருக்காங்க. இவங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

அடுத்த மூன்று வாரம் சாயங்காலங்களில் போனோம். எல்லோரும் நல்லவிதமாகப் பேசவில்லை. ஒரு வீட்டில் வளர்மதியின் கையிலிருந்த பட்டியலைப் பிடுங்கிக் கிழித்தார்கள். அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டார். ஒரு பெரியவர் மட்டும், "எந்திரம்னா நிக்கத்தாம்மா செய்யும். நின்னா நின்னுட்டேன்னு சொல்லணும்ல?" என்றார். அந்த வார்த்தையை வளர்மதி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

நிழல் தெரிந்த நான்கு பேரில் மூன்று பேரைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மூன்று பேரும் இன்று இருக்கிறார்கள். ஒருவருக்கு மூச்சு முன்போல் இல்லை, பாரம் தூக்க முடியாது. நான்காவது ஆள் சின்னத்தம்பி. முகாம் முடிந்த மாதமே வேலை தேடித் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டாராம். கைபேசி எண் மாறியிருந்தது. உறவு என்று சொல்லிக்கொள்ள ஒரு மைத்துனர் மட்டும். அவருக்கும் தெரியவில்லை. வளர்மதி திருப்பூரில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் விசாரித்தார். பனியன் கம்பெனி, கட்டட வேலை, செங்கல் சூளை என்று யார் எந்த இடம் சொன்னாலும் கூப்பிட்டுப் பார்த்தார். கிடைக்கவே இல்லை.

அந்த நாட்களில் வீடு வீடாக நடக்கும்போதே அவருக்குக் காலில் வீக்கம் இருந்தது. செருப்பின் வார் தடமாகப் பதிந்திருப்பதைப் பார்த்து நான் கேட்டேன். "நடந்தா வீங்கத்தானே செய்யும்" என்றார். ஊராருக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லித் திரிந்தவர் தான் போகவில்லை. போனபோது இரண்டு சிறுநீரகமும் பெரும்பாலும் போய்விட்டிருந்தன.

அவர் ஒப்பந்தம் மறுவருஷம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எழுத்தில் எதுவும் இல்லை. அதன்பிறகுதான் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே அந்தச் சின்னக் கடையைப் போட்டார். நான் வேலையை விடவில்லை. எனக்கு இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று காரணம் வைத்திருந்தேன். "நீங்க இருங்க அண்ணே. நம்மள்ல ஒருத்தராவது அங்க இருக்கணும்" என்று அவர் சொன்னதையும் அந்தக் காரணத்தோடு சேர்த்துக்கொண்டேன்.

போகும்முன் அந்தச் செயலியை எழுதியவர்களுக்கு அவர் எழுதினார். அவர்கள் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறவர்கள், கூலி வாங்காமல் எழுதிப் பொதுவில் வைத்திருப்பவர்கள். மரியாதையாகத்தான் பதில் வந்தது. அது கணினியின் வரம்பு, தங்கள் செயலியின் பிழை இல்லை என்றார்கள். வளர்மதி மறுபடி எழுதினார். எனக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். "திறக்க முடியாமப் போனது பிழையில்ல. திறந்த மாதிரி காட்டினீங்களே, அது பிழை." சில வாரத்தில், பார்த்து முடித்த படத்தை உடனே மூடுகிற மாதிரி செயலியைத் திருத்தி வெளியிட்டார்கள். திறக்க முடியாதபோது நின்று சொல்ல வேண்டும் என்பதை மட்டும் ஏற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நின்றால் பயன்படுத்துகிறவர்கள் எரிச்சலடைவார்களாம்.

அந்தப் பகுதியை அவரே எழுதினார். எங்கள் அலுவலகத்துப் பிரதிக்காக மட்டும். வேலையை விட்டுப் போன பிறகு, டயாலிசிஸ் படுக்கையில். ஒரு கையில் ஊசி குத்தியிருக்கும், இன்னொரு கையால் தட்டுவார். நாலு மணி நேரத்தில் ரத்தம் முழுக்க வெளியே போய் உள்ளே வரும். கடைசி ஒரு மணி நேரம் குளிர் நடுக்கும், அப்போது லேப்டாப்பை மூடிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். எழுதியதை எடுத்துவந்து அலுவலகக் கணினியில் போட்டபோது டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து, முகப்பில் சொடுக்கித்தான் சோதித்தார். ஒருமுறை இல்லை. நான் வீட்டுக்குக் கிளம்பும்வரை திரும்பத் திரும்ப.

டயாலிசிஸுக்குப் போய்வந்த அந்த இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் நடந்ததைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஒருநாள் மட்டும் கேட்டார். "அஞ்சலை அக்கா சொன்ன மாதிரி, சொல்லாம இருந்திருக்கலாமா அண்ணே?" எனக்குத் தெரியவில்லை என்றேன். "எனக்கும் தெரியல. ஆனா சொல்லாம இருந்திருந்தா நான் நல்லா தூங்கியிருப்பேன். அதை நெனச்சாத்தான் பயமாயிருக்கு" என்றார். திருப்பூரில் யாரையாவது தெரியுமா என்று பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் கடைசி மாதம்வரை விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு ரத்தத்தில் கிருமி பரவித் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்துதான் செந்திலின் அழைப்பு வந்தது.

பூலாம்பாடிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. கூட்டம் பெரிதாக இல்லை. அவருடைய அம்மா அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். மகளின் பாதத்தில் துணி விலகியபோதெல்லாம் எழுந்துபோய் மூடிவிட்டு வந்தார். எங்கள் மேலாளர் ஒரு மாலை கொண்டுவந்து வைத்துவிட்டு, வெகுநேரம் வெயிலில் நின்றிருந்தார். எடுக்கப் போகிற நேரத்தில் தெருமுனையில் ஒரு பெண் வருவதைப் பார்த்தேன். அஞ்சலை. சுரங்கத்து மேட்டிலிருந்து பூலாம்பாடிக்கு மூன்று பஸ் மாற வேண்டும். யார் சொல்லி வந்தார் என்று இன்றுவரை தெரியாது.

அவர் உள்ளே போய் வளர்மதியின் தலைமாட்டில் நின்றார். அழவில்லை. தொடவில்லை. வெளியே வந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நான் மன்னிக்கலை தம்பி" என்றார். "யாரும் தப்பா நெனச்சுக்கிட்டாலும் சரி. மன்னிக்கலை."

நான் தலையை ஆட்டினேன்.

"ஆனா எங்க ஊர்ல எத்தனை பேரு செத்திருக்காங்க. பாறை சரிஞ்சு, லாரி ஏறி, இருமி இருமி. ஒருத்தனாவது வந்து, என்னாலதான்னு சொல்லியிருக்கானா? இந்தப் பொண்ணு ஒருத்திதான் வந்து தரையில உக்காந்துச்சு. அதுக்குத்தான் வந்தேன்."

செந்தில் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நடந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் ஆண்டிமடத்தில் முகாம். முந்திரிக் கொட்டை உடைக்கிற பெண்கள், அந்தப் பக்கத்திலிருந்து சுரங்கத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்று நல்ல கூட்டம். படங்களைக் கொண்டுவந்து அலுவலகத்தில் போட்டோம். பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது வருகிறவர் இளையவர். பாதியில் அவர் கூப்பிட்டார். "சார், இங்க வாங்க. என்னமோ நிக்குது. மேல போகவே மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். யாரோ ஏழு பேரின் குறிப்புகளை மட்டும் உரிய இடத்தில் வைத்து, படங்களை வேறு கோப்புறையில் போட்டிருக்கிறார்கள். அடைப்புக்குள் இருக்கிற செயலிக்கு அங்கே போக அனுமதி இல்லை. திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு ஒரு பலகை வந்து நின்றது. அதில் ஏழு பெயர்களும் வயதோடு வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே வளர்மதி எழுதியிருந்த வரிகளை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் சோதித்த பிறகு செயலி ஒருமுறைகூட அப்படி நின்றதில்லை.

'இவர்களுடைய படங்களை என்னால் திறக்க முடியவில்லை. இவர்களை இன்னும் யாரும் பார்க்கவில்லை. இவர்கள் காத்திருக்கிறார்கள்.'

"இதை எடுத்துவிட முடியாதா? ஒவ்வொரு தடவையும் இப்படி நின்னா எப்படி வேலையை முடிக்கிறது?" என்றார் டாக்டர்.

"எடுக்க முடியாது டாக்டர்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. அலுவலகத்தில் யாரிடமும் இதுவரை அந்தக் குரலில் பேசியதுமில்லை. "நான் இங்க இருக்கிற வரைக்கும் இது இருக்கும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யார் எழுதினது இது?"

"வளர்மதின்னு ஒருத்தர். இங்கதான் வேலை பார்த்தாங்க. இறந்துட்டாங்க."

வளர்மதியிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. ஒரு புகைப்படம்கூட இல்லை. அந்த மூன்று வரிகள் இருக்கின்றன. யாரும் அவற்றை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை இருக்கிறது. அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் படங்களைத் தேடி எடுத்து உரிய இடத்தில் போட்டேன். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லுங்க" என்றார்.

சொல்லத் தொடங்கினேன்.